நாலு கோட் வார்னிஷ் அடிச்சும் நமுத்துப்போன ஆந்தை: பேப்பர் மாஷே பொம்மைய வெளிய வெக்கறது பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

பேப்பர் மாஷேல, அதாவது பசைல நனைச்ச பேப்பர லேயரா ஒட்டி, நான் செஞ்ச ஆந்தை பொம்மை வெளிய நின்னது மொத்தமே 11 நாள். நடுவுல ரெண்டு மழை, ரெண்டும் பெரிய மழை கூட கெடயாது. பதினோராவது நாள் காலைல தங்கச்சி வந்து "அண்ணா, உன் ஆந்தை யாரையோ எட்டிப் பாக்குற மாதிரி நிக்குது"ன்னா, போய் பாத்தா நெஜமாவே ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. சரி நேரா நிமித்தி வெக்கலாம்னு கழுத்தப் புடிச்சு தூக்கினேன், ஆந்தை கையோட வந்துருச்சு, அடித்தட்டு மட்டும் மண்ணுலயே ஒக்காந்திருந்துச்சு. தொட்டா சொதசொதன்னு இருக்கு.

எனக்கு கடுப்பு எங்க வந்துச்சுன்னா, மேல அடிச்ச வார்னிஷ் ஒண்ணுமே ஆகல. தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடுது, பளபளன்னு இருக்கு. வெளிப்புறத்துக்குன்னே செய்யற வார்னிஷ், நாலு கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல உப்புத்தாள் போட்டு தேச்சு அடிச்சது. அப்ப தண்ணி எந்த வழியா உள்ள போச்சு?

இந்த கேள்விக்கு பதில் தேடப்போய் ஒன்றரை வருசம் ஓடிப்போச்சு. பேப்பர் மாஷேவ வெளிய வெக்கணும்னு யார் கேட்டாலும் "நல்ல வாட்டர்ப்ரூஃப் வார்னிஷா பாத்து அடிச்சுருங்க"ன்னு ஒரே வரில பதில் சொல்லிட்டு போயிருவோம், நானே நாலஞ்சு பேருக்கு அப்படி சொல்லிருக்கேன். அவங்க பொம்மைலாம் என்ன ஆச்சோ தெரியல, என் பொம்மை என்ன ஆச்சுன்னு மட்டும் முழுசா எழுதறேன்.

முதல் ஆந்தைய எப்படி செஞ்சேன்

58 செ.மீ. உயரம். உள்ள எலும்புக்கூடு அட்டைப்பெட்டிய வெட்டி ஒட்டினது, அதுமேல கசக்கின நியூஸ்பேப்பர் உருண்டைங்கள டேப் போட்டு கட்டி உடம்பு. அதுக்கு மேல மாவு பசைல நனைச்ச பேப்பர் கீத்து, எட்டு ஒம்போது லேயர் இருக்கும். பசைல ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டேன், பூசணம் புடிக்காம இருக்கும்னு ரொம்ப காலமா சுத்திட்டு வர்ற குறிப்பு அது. கண்ணுக்கு கண்ணாடி கோலி. அடில அட்டைய வட்டமா வெட்டி ஒட்டி மூடிட்டேன், அந்த அடித்தட்டுக்கு மட்டும் ஒரே ஒரு கோட் பெயின்ட், வார்னிஷ் கெடயாது, ஏன்னா அத யாரு குனிஞ்சு பாக்கப் போறா.

அஞ்சு நாள் காய வெச்சேன். தொட்டுப்பாத்தா காஞ்ச மாதிரி தான் இருந்துச்சு, தட்டினா கெட்டியா இருந்துச்சு. பெயின்ட் அடிச்சு வார்னிஷ் அடிச்சு நேரா மண்ணு மேல கொண்டு போய் வெச்சுட்டேன்.

மேல இருக்கற ரெண்டு பத்தில எத்தன தப்பு இருக்குன்னு எண்ணிப்பாருங்க, எனக்கு அப்ப ஒண்ணு கூட தெரியல.

அறுத்துப் பாத்தப்ப

தூக்கிப் போட மனசு வரல, அதனால கத்திய எடுத்து உச்சந்தலைல இருந்து நெடுக்கா ரெண்டா பொளந்தேன். மொதல்ல மூக்குல ஏறினது வாடை, மூடியே வெச்ச ஈரத்துணி வாடை. அடில இருந்து கிட்டத்தட்ட 20 செ.மீ. உயரத்துக்கு பேப்பர் கருத்து, லேயர் லேயரா பிரிஞ்சு வருது. எலும்புக்கூடா வெச்ச அட்டையப் பாத்தா கதை அப்படியே தெரிஞ்சுருச்சு. பெட்டி அட்டைக்குள்ள அலை அலையா ஓடுற குழாய் இருக்கும்ல, அந்த குழாயெல்லாம் செங்குத்தா நிக்கற மாதிரி நான் வெட்டி வெச்சிருக்கேன், மண்ணுல இருக்கற ஈரத்த உறிஞ்சு மேல அனுப்ப வரிசையா ஸ்ட்ரா நட்டு வெச்ச மாதிரி. செவுத்துல ஓதம் ஏறும் பாருங்க, அதே ஓதம் தான், என்ன, செவுத்துல வருசக்கணக்குல ஏறறது இங்க 11 நாள்ல ஏறிருச்சு.

இத நான் ஓரளவு எதிர்பாத்தேன். எதிர்பாக்காதது தலைல இருந்துச்சு. தலை மண்ண விட்டு அரை மீட்டர் ஒசரத்துல இருக்கு, ஓதம் அங்க வரைக்கும் வரல, நடுவுல உடம்பு காஞ்சு தான் இருக்கு. ஆனா தலையோட வெயில் படற பக்கம் வார்னிஷ்ல பட்டாணி சைசுக்கு நாலஞ்சு கொப்புளம். ஒரு கொப்புளத்த ஊசியால குத்தினேன், ஒரு சொட்டு தண்ணி எட்டிப் பாத்துச்சு. வெளிய இருந்து தண்ணியே புகாத எடத்துல உள்ளுக்குள்ள தண்ணி.

அப்பறம் தான் ஒறைச்சுது, அது மழைத்தண்ணியே இல்ல. பசைல நான் ஊத்தின தண்ணி. தலைல கொஞ்சம் தடிமனா லேயர் போட்டிருந்தேன், அஞ்சு நாள்ல மேல்பக்கம் காஞ்சுருச்சு, நடுவுல காயல, அது மேல நாலு கோட் வார்னிஷ் அடிச்சு நானே சீல் வெச்சுட்டேன். வெயில் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி வெளிய வரப் பாக்குது, வழியில்ல, படலத்த தூக்கி கொப்புளமா நிக்குது.

இன்னொண்ணு கண்ணு. கோலிய சுத்தி மயிரிழை அளவுக்கு ஒரு வளையம் விட்டிருந்துச்சு. கண்ணாடி ஈரத்துக்கு அசையாது, பேப்பர் ஈரமானா உப்பும் காஞ்சா சுருங்கும், ரெண்டும் சேர்ற எடத்துல ஒரே கெட்டியா அடிச்ச வார்னிஷ் ரெண்டு பக்கமும் இழுபட்டு பிளந்திருக்கு. அந்த கோட்டுக்குள்ள கருப்பா பூசணம்.

ஏன் இப்படி

பேப்பர்னா செல்லுலோஸ் நார். செல்லுலோஸுக்கு தண்ணின்னா உசுரு, தண்ணிய ஊத்தக்கூட வேணாம், காத்துல இருக்கற ஈரத்தையே இழுத்துக்கும். நல்லா நனைஞ்சா ஒரு நாரு அகலவாக்குல 20 சதவீதம் அளவுக்கு கூட உப்பும், நீளவாக்குல 1-2 சதவீதம் தான் அசையும். எட்டு லேயர்ல எட்டு தெசைல நாருங்க கெடக்கு, ஒவ்வொண்ணும் அது இஷ்டத்துக்கு உப்பி சுருங்கும்போது நடுவுல இருக்கற பசைக்கு தான் அடி. மாவு பசை காஞ்சப்பறமும் தண்ணி பட்டா மறுபடி எளகும், அதோட அது ஸ்டார்ச், பூசணத்துக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் நாமளே எல வச்சு பரிமாறின மாதிரி.

உப்பு விசயம் தான் எனக்கு பெரிய பாடம். உப்பு பூசணத்த தடுக்கும்ங்கறது சரி தான், வீட்டுக்குள்ள அலமாரில வெக்கற பொம்மைக்கு சரி. ஆனா காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்த தாண்டினா உப்பு தானா தண்ணிய இழுத்து கரைய ஆரம்பிச்சுரும். மழைக்காலத்துல உப்பு ஜாடிய தெறந்து பாத்தவங்களுக்கு இத சொல்லணுமா. வெளிய வெக்கற பொம்மைக்குள்ள உப்பு போடறது உள்ளயே ஒரு ஸ்பான்ஞ்ச வெச்சு தெக்கற மாதிரி.

துண்டு துண்டா ஒரு டெஸ்ட்

ரெண்டாவது ஆந்தைய தொடறதுக்கு முன்னாடி 10 செ.மீ. சதுரத்துல, அரை செ.மீ. தடிமன்ல பேப்பர் மாஷே பலகை கொஞ்சம் செஞ்சேன். எல்லாம் 32 கிராம் பக்கம். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பூச்சு, ஓரம் அடி எல்லா பக்கமும் அடிச்சு, நல்லா காய வெச்சு எடை போட்டு, ஒரு நாள் முழுக்க தண்ணிக்குள்ள அமுக்கி வெச்சு, எடுத்து தொடச்சு மறுபடி எடை. ஒவ்வொரு வகைலயும் ஒரே ஒரு துண்டு தான், இத வெச்சு சட்டம்லாம் போட முடியாது, ஆனா எனக்கு போதுமான அளவுக்கு புரிஞ்சுது.

எதுவும் அடிக்காத துண்டு 70 கிராமத் தாண்டிருச்சு, எடுக்கும்போதே கைல கூழ். வெள்ளை பசைய தண்ணில கலந்து மேல பூசுனா வாட்டர்ப்ரூஃப்னு சொல்வாங்களே, அது பாதி நேரத்துலயே பால் மாதிரி வெளுத்து வழவழன்னு ஆகி 26 கிராம் தண்ணி குடிச்சிருந்துச்சு, காஞ்சா தெளிவா பளபளன்னு தெரியறதால நாம ஏமாந்து போறோம், அவ்ளோ தான். வெளிச்செவுத்துக்கு அடிக்கற அக்ரிலிக் பெயின்ட் ரெண்டு கோட், 19 கிராம். தண்ணி கலக்கற பாலியூரிதேன் வார்னிஷ் மூணு கோட், 9 கிராம். ஸ்பார் வார்னிஷ் நாலு கோட்ல 4 கிராம் தான். ஸ்பார்ங்கறது பாய்மரக் கப்பலோட மரக்கம்பம், வளையற கம்பத்துக்குன்னு எண்ணெய் ஜாஸ்தி போட்டு வளையற மாதிரி செஞ்ச வார்னிஷ் அது, அதனால தான் பேப்பர் உப்பி சுருங்கும்போது கூடவே போகுது. கடைல 'கொதிக்க வெச்சது'ன்னே (boiled) விக்கற ஆளி விதை எண்ணெய ஊற வெச்சு, வாரக்கணக்குல காய விட்டு, அதுமேல ஸ்பார் வார்னிஷ் அடிச்சது 2 கிராம். எபாக்ஸி ரெசின், அதாவது ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்தா கெட்டியா எறுகற பூச்சு, ரெண்டு கோட், என் தராசுல ஒண்ணுமே ஏறல, காட்டினது அதே எடை.

ஆளி விதை எண்ணெய் பத்தி ஒண்ணு சொல்லிட்டு போயிரணும். அந்த எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி மூலைல போட்றாதீங்க. அது காயறதே காத்தோட சேந்து சூடு விட்டு தான், சுருட்டின துணிக்குள்ள அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீ புடிக்கும், கதை இல்ல, நெஜமா புடிக்கும். விரிச்சு காயப் போடுங்க, இல்லன்னா தண்ணில முக்கி மூடி போட்ட தகர டப்பால வைங்க.

சரி, எபாக்ஸி ஜெயிச்சுருச்சு, கதை முடிஞ்சுதுன்னு தான் நானும் நெனச்சேன். ஆனா ஆந்தை தலைல பாத்த கொப்புளம் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. அதனால அக்ரிலிக் அடிச்ச துண்டு ஒண்ணு, எபாக்ஸி துண்டு ஒண்ணு, ரெண்டுலயும் ஊசியால மூணு மூணு ஓட்டை போட்டு மறுபடி தண்ணில போட்டேன். அக்ரிலிக் துண்டு வழக்கம்போல குடிச்சுது, எடுத்து நெழல்ல வெச்சேன், மூணாம் நாள் பழைய எடைக்கே வந்துருச்சு. எபாக்ஸி துண்டு 6 கிராம் தான் குடிச்சுது. பத்து நாள் கழிச்சு எடை போட்டா இன்னும் 5 கிராம் உள்ளயே இருக்கு. மூணாவது வாரம் ஓட்டை வழியா மோந்து பாத்தேன், அதே ஈரத்துணி வாடை.

இங்க தான் எனக்கு நெனப்பே முழுசா திரும்புச்சு. தண்ணிய உள்ள விடாத பூச்சு வெளியவும் விடாது. எந்த அளவுக்கு நல்ல பூச்சோ அந்த அளவுக்கு நல்ல ஜெயில். சுமாரான பெயின்ட் அடிச்ச பொம்மை நனையும், ஆனா காயும். எபாக்ஸி அடிச்ச பொம்மைல ஒரே ஒரு ஊசி ஓட்டை இருந்தா போதும், அது உள்ளுக்குள்ள அழுகிட்டு வெளிய சிரிச்சுட்டு நிக்கும். அதனால எந்த வார்னிஷ்ங்கற கேள்விய நான் ரெண்டாவது எடத்துக்கு தள்ளிட்டேன். மொதல் கேள்வி, அடைக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்கு, அப்பறம் தப்பித்தவறி உள்ள போனா அது எந்த வழியா வெளிய வரும்.

பழைய ஆளுங்க

இதெல்லாம் புதுசா நாம கண்டுபுடிக்கறது ஒண்ணும் இல்ல. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல ஹென்றி கிளேன்னு ஒருத்தர் 1772ல காப்புரிமை வாங்கினாரு, பேப்பர் தாள ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி, ஆளி விதை எண்ணெய்ல ஊற வெச்சு, அடுப்புல போட்டு சூட்டுலயே காய வெச்சு பலகையாக்கற முறை, குதிரை வண்டிக்கு பக்கப்பலகை வரைக்கும் அதுல செஞ்சாங்க. அவரு எண்ணெய மேல பூசல, நாருக்குள்ள எறக்கிட்டாரு, அதுவும் அடுப்பு சூட்டுல, ஈரம் ஓடிப்போன எடத்துல எண்ணெய் போய் ஒக்காந்துக்குது. நான் அஞ்சு நாள் நெழல்ல வெச்சு தொட்டுப் பாத்து ஓகேன்னு சொன்னத நெனச்சா வெக்கமா இருக்கு.

இதவிட ஆச்சரியம், அமெரிக்கால டிராய்ங்கற ஊர்ல வாட்டர்ஸ் குடும்பம் 1860கள் கடைசில இருந்து பேப்பர்லயே படகு செஞ்சு வித்தாங்க. நத்தானியேல் பிஷப்னு ஒருத்தர் 1874-75ல அந்த பேப்பர் படகுல ஏறி டிராய்ல இருந்து ஃப்ளோரிடா பக்கம் மெக்சிகோ வளைகுடா வரைக்கும் துடுப்பு போட்டே போனாரு. படகோட தடிமன் ஒரு இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு தான். பேப்பர் வெளிய தாங்காதுன்னு யாராவது சொன்னா நான் இத தான் சொல்வேன். ஆனா படகுக்கு ரெண்டு பக்கமும் பூச்சு இருக்கு, உள்பக்கம் தெறந்து கெடக்கு, தண்ணி வந்தா மொண்டு ஊத்தி காய வெச்சுரலாம். என் ஆந்தை மூடின டப்பா.

ரெண்டாவது ஆந்தை

அதே உயரம், அதே முழி. இந்த தடவ அட்டை கெடயாது. துத்தநாகம் பூசின கோழி வலைய வளைச்சு உருவம், சாதா கம்பி வேணாம், உள்ளயே துருப்புடிச்சு பழுப்பு கறை வெளிய கசியும். உள்ள காலியா கூடு மாதிரி, அடில மூடல, கை போற அளவுக்கு தெறந்தே விட்டுட்டேன். அதுவும் போக, அடி விளிம்புல மூணு பிளாஸ்டிக் குழாய் துண்டு கால் மாதிரி, ஆந்தையோட பேப்பர் தரைல இருந்து 5 செ.மீ. மேல நிக்கும். இந்த 5 செ.மீ. தான் மொத்த வேலைலயும் சல்லிசான வேலை, ஒரே ஒரு விசயம் தான் செய்வேன்னு அடம் புடிக்கறவங்க இத மட்டுமாவது செய்ங்க.

பசைய மாத்தினேன். மரவேலைக்கு யூஸ் பண்ற பிவிஏ பசைலயே தண்ணி தாங்கற வகை இருக்கு, ஐரோப்பிய அளவுல டி1ல இருந்து டி4 வரைக்கும் தரம் போட்டிருப்பாங்க, சாதா வெள்ளை பசை டி1 டி2, நான் வாங்கினது டி3. சாதா பிவிஏ வெயிலுக்கும் ஆகாது, 30-40 டிகிரி பக்கத்துலயே எளக ஆரம்பிச்சுரும். ஆனா இதுல ஒரு சிக்கல். பசை நல்லா ஊறின பேப்பர் பிளாஸ்டிக் மாதிரி ஆயிருது, அப்பறம் எபாக்ஸி உள்ள எறங்காம மேலயே நிக்கும். அதனால கடைசி ரெண்டு லேயருக்கு மட்டும் பசைய நல்லா தண்ணியா கலக்கி ஒட்டினேன், பேப்பர் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கட்டும், எபாக்ஸி கடிச்சு புடிக்கட்டும்னு. பேப்பர வெட்டாம கிழிச்சு ஒட்டணும்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சது தான், கிழிச்ச ஓரம் மெலிசா முடியும், படி தட்டாது.

ஒரு தடவைக்கு மூணு லேயர், அது நல்லா காஞ்சப்பறம் அடுத்த மூணு. காஞ்சுதா இல்லையான்னு கைய நம்பவே இல்ல, தராசு தான். கடைசி லேயர் ஒட்டின அன்னிக்கு 1,960 கிராம். மூணாம் நாள் 1,520. அன்னிக்கு தொட்டுப் பாத்தா முழுசா காஞ்ச மாதிரி தான் இருந்துச்சு, மொத ஆந்தையா இருந்தா அடுத்த ரெண்டு நாள்லயே பெயின்ட எடுத்திருப்பேன், ஆனா உள்ள கால் லிட்டருக்கு கொஞ்சம் கம்மியா தண்ணி இருந்திருக்கு. ஏழாம் நாள் 1,310. பத்தாம் நாள் 1,284. பன்னெண்டு 1,281, பதிமூணு 1,281, பதினாலு 1,281. ஒரே எடை மூணு நாள் நின்னதும் தான் எபாக்ஸி டப்பாவயே தெறந்தேன். ஃபேன் காத்து போதும், அடுப்பு பக்கத்துலயோ உச்சி வெயில்லயோ வெச்சா மேல்தோல் சீக்கிரம் எறுகி உள்ள இருக்கறத அடைச்சுரும், கோணிக்கும்.

பூச்சு வேலைல மொதல்ல உள்பக்கம். அடி ஓட்டை வழியா கைய விட்டு, முட்டி வரைக்கும் கிளவுஸ் போட்டு, எபாக்ஸிய தேச்சு விட்டேன், ரொம்ப அசிங்கமான வேலை, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு பக்கம் மட்டும் அடைச்சா பூசாத பக்கம் ஈரத்த இழுத்து உப்பும், பூசின பக்கம் உப்பாது, பொம்மை கோணும். எபாக்ஸி தோல்ல பட்டுட்டே இருந்தா ஒரு நாள் அலர்ஜியாகி அப்பறம் டப்பாவ தெறந்தாலே அரிக்கும்ங்கற நெலமைக்கு வந்துரும், அதனால கிளவுஸ்ல சோம்பல் வேணாம். ரெசினும் ஹார்ட்னரும் கண்ணளவுல கலக்காதீங்க, பெயின்ட்னா கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் காயும், இது வெறும் காயறது இல்ல, ரெண்டும் கணக்கா சேந்தா தான் எறுகும், அளவு தப்பினா பிசுபிசுன்னே நின்னுரும்.

வெளிய ரெண்டு கோட். எபாக்ஸி எறுகினப்பறம் மேல மெழுகு தடவின மாதிரி ஒரு வழவழப்பு படியும், அத சாதா தண்ணிலயே ஸ்க்ரப்பர் போட்டு கழுவிட்டு அப்பறம் தான் உப்புத்தாள். கழுவாம தேச்சா அந்த வழவழப்ப இன்னும் உள்ள தேச்சு விட்ட மாதிரி ஆயிரும், பெயின்ட் ஒட்டாது, உரிஞ்சு வரும். இத எங்கயும் படிக்கல, ஒரு துண்டுல பெயின்ட் பாம்புச்சட்டை மாதிரி கழண்டு வந்தப்ப கத்துக்கிட்டேன்.

எபாக்ஸிய அப்படியே வெயில்ல விட்டா மஞ்சளாகி சுண்ணாம்பு மாதிரி உதிர ஆரம்பிச்சுரும், வெயில்ல இருக்கற யூவி (புற ஊதாக்கதிர்) அதுக்கு எமன். இங்க நெறைய பேர் செய்யற தப்பு, க்ளியரா யூவி வார்னிஷ் அடிச்சா போதும்னு நெனைக்கறது. க்ளியர் வார்னிஷ் வழியா வெளிச்சம் போகும்ல, கொஞ்சம் யூவியும் சேந்து போகும், கீழ இருக்கறது கெட்டதும் மேல இருக்கற வார்னிஷ் புடிமானம் இல்லாம கழண்டுரும். உண்மையான யூவி தடுப்பு பெயின்ட்ல இருக்கற கலர் பொடி தான். அதனால எபாக்ஸிக்கு மேல மறைக்கற மாதிரி வெளிப்புற அக்ரிலிக் மூணு கோட், ஒரு வாரம் காய விட்டு, அதுமேல ஸ்பார் வார்னிஷ் மூணு கோட். கலர்லயும் ஒரு மாத்தம், மொத ஆந்தை கரும்பழுப்பு, இது வெளிர் சாம்பல். கருப்பு கலர் வெயில்ல 60 டிகிரிக்கு மேல சுடும், வீட்டு சூட்டுல எறுகற எபாக்ஸி நெறைய அந்த சூட்டுக்கு பக்கத்துலயே எளகும். முழுசா மூடின பொம்மையா இருந்தா இன்னும் மோசம், 25 டிகிரில இருந்து 60க்கு போனா உள்ள இருக்கற காத்து 12 சதவீதம் விரியப் பாக்கும், எங்க பலவீனமோ அங்க ஊசி ஓட்டையா வெடிச்சு வெளிய வரும், ராத்திரி குளுந்ததும் அதே ஓட்டை வழியா ஈரக்காத்த உறிஞ்சும். பொம்மை மூச்சு விடுது, நெஜமாவே. அடி தெறந்திருந்தா இந்த தொல்லையே இல்ல.

கண்ணுக்கு அதே கோலி தான், ஆனா இந்த தடவ கோலிய சுத்தி பெயின்ட் அடிக்க முடியற வகை சீலன்ட்டால (இடுக்க அடைக்கற, காஞ்சாலும் வளையற பசை) ஒரு மெத்தை. சிலிகான் வேணாம், அதுமேல பெயின்ட் நிக்காது, பக்கத்துல இருக்கற எடத்தையும் கெடுத்துரும். காதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு பள்ளம் இருந்துச்சு, பாக்க அழகு, ஆனா மழை பெஞ்சா குட்டி குளம், அத கூழ் வெச்சு ரொப்பி சரிவாக்கிட்டேன்.

வெளிய வெச்சப்பறம்

ஆரம்ப எடை 1,905 கிராம். மாசா மாசம் ஒரு தடவ, ரெண்டு நாள் மழை இல்லாம இருந்தப்பறம் தூக்கி எடை போட்டு கதவுக்குப் பின்னாடி தொங்கற தாள்ல எழுதறேன். வீட்ல சிரிக்கறாங்க, ஆந்தைக்கு டயட்டான்னு. ஆனா வெளிய பாத்து தெரியாத விசயம் எடைல தெரியும். மொத நாலு மாசம் 1,903ல இருந்து 1,911 வரைக்கும் ஆடிட்டு இருந்துச்சு, ஈரக்காத்துக்கு அவ்ளோ ஆட்டம் இருக்கும் தான், எந்த பூச்சும் ஆவிய நூத்துக்கு நூறு நிறுத்தாது.

அஞ்சாவது மாசம் 1,934. வெளிய ஒரு கீறல் இல்ல. விரலால தட்டிட்டே வந்தேன், உடம்பு பூரா டக் டக்னு வருது, இடது கால் நகத்துகிட்ட மட்டும் பொத் பொத். நகத்த கூர்மையா, அழகா செதுக்கிருந்தேன், அங்க தான் தப்பு. ஈரமா இருக்கும்போது எந்த பெயின்ட்டும் கூரான விளிம்புல நிக்காது, ரெண்டு பக்கமும் வழிஞ்சு போயிரும், எத்தன கோட் அடிச்சாலும் அந்த முனைல மெலிசா தான் இருக்கும். வாங்கி வெச்ச மர சாமான் எல்லாம் ஓரத்த கொஞ்சம் உருட்டி விட்டிருப்பாங்களே, அழகுக்கு மட்டும் இல்ல போல. நகத்த சுரண்டி தெறந்து, ஆறு நாள் நெழல்ல வெச்சேன், 1,907க்கு வந்ததும் முனைய மழுக்கி எபாக்ஸி, பெயின்ட், வார்னிஷ் மறுபடி. நகம் இப்ப கொஞ்சம் பொம்மை நகம் மாதிரி தான் இருக்கு, பரவால்ல. எடை போடாம விட்டிருந்தா அது கால் வழியா உடம்புக்கு ஏறி, நான் கண்ணால பாக்கறதுக்குள்ள வயிறு அழுகிருக்கும்.

பத்தாவது மாசம் உச்சந்தலைலயும் சாயங்கால வெயில் படற பக்கமும் வார்னிஷ் மங்கலாச்சு, தண்ணி முத்தா உருளாம படர ஆரம்பிச்சுது. அது தான் சிக்னல், உரிய ஆரம்பிக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. நல்ல மெலிசான உப்புத்தாள் போட்டு லேசா மங்கடிச்சு ரெண்டு கோட், அரை நாள் வேலை. வருசத்துக்கு ஒரு தடவ இந்த அரை நாள் குடுக்க முடியாதுன்னா பேப்பர் மாஷேவ வெளிய வெக்காதீங்கன்னு தான் சொல்வேன், ஃபைபர்கிளாஸோ சிமென்ட்டோ பாருங்க. நாலு நாள் விழாவுக்கு மட்டும் வெளிய வெக்கப் போறீங்கன்னா இதுல பாதி கூட வேணாம், நல்லா காய வெச்சு, வெளிப்புற அக்ரிலிக் எல்லா பக்கமும் அடிச்சு, ராத்திரி உள்ள எடுத்து வெச்சா போதும். எபாக்ஸி அதுக்கு வீண் செலவு.

இப்ப பதினாலாவது மாசம். நேத்து எடை 1,949, ரெண்டு கோட் புது வார்னிஷ் 30 கிராம் பக்கம் ஏத்திருக்கு, அத கழிச்சா வழக்கத்த விட கொஞ்சம் ஜாஸ்தி. தட்டிப் பாத்தேன், எல்லா எடமும் டக் டக் தான். வலது காது நுனில ஒரு கோடு மாதிரி தெரியுது, செலந்தி நூலா வெடிப்பான்னு வெளிச்சத்துல சரியா தெரியல, நாளைக்கு பகல்ல உள்ள கொண்டு வந்து சுரண்டிப் பாக்கணும்.